டென்ட்டுக்குள் விடிந்தால் ஈரம்: கேரவனுக்கு மாறிவிடலாமா? (பழனி மலை, கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைப் பக்கம்)

சிறுமலை அடிவாரம் (கேள்வி):

வணக்கம். ஊர் திண்டுக்கல். வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், 11 மற்றும் 7 வயதில் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா (64). தங்குவது தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம், தெரிந்தவர்களின் தோட்டங்களில், அவர்கள் அனுமதியோடு. டென்ட் இரண்டு அடுக்கு. வெளித்துணியின் நீர் தாங்கும் அளவு 2000 மிமீ.

நவம்பர் முதல் ஜனவரி வரை விடியும்போது உள்ளே எல்லாம் நனைந்து கிடக்கிறது. மழை இல்லாத இரவிலும் அப்படித்தான். மெத்தைக்கு அடியில் ஈரம், தூங்கும் பைகளின் கால்மாட்டில் ஈரம். அம்மாவுக்குத் தரையிலிருந்து எழுவதே பெரும்பாடு. ராத்திரி கழிப்பறைக்கு வெளியே போவது அதைவிடச் சிரமம்.

மூன்று யோசனை இருக்கிறது. ஒன்று, இப்போதுள்ள 1.5 லிட்டர் டீசல் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன டிரெய்லர் கேரவன். இரண்டு, பழைய டெம்போ டிராவலர், 4020 வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே 4020 மிமீ), வாங்கிப் பட்டறையில் மாற்றுவது. மூன்று, டென்ட்டையே சரிசெய்து ஓட்டுவது. எதற்குப் போகலாம்? இரண்டாவது என்றால் எங்கே ஏமாறுவோம் என்பதையும் சொல்லுங்கள்.

மூடுபனி:

வண்டி வாங்குவதற்கு முன் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைநீர் இல்லையென்றால் அது கேரவனுக்குள்ளும் உங்களோடு வரும்.

தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 30 முதல் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். ஐந்து பேர், எட்டு மணி நேரம் என்றால் 1.2 முதல் 1.6 லிட்டர். டென்ட் வாசலுக்குள் கேஸ் அடுப்பு வைத்தால் அதுவும் சேரும்: 1 கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி வரும். மேல்மலையில் டிசம்பர் இரவுகளில் வெளித்துணி காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஆவி அதில் பட்டதும் துளியாகிவிடும்.

சோதனை இது. விடிந்ததும் வெளித்துணியின் உட்பக்கத்தை டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துளி இருந்தால் அது மூச்சு ஈரம். தையல் வரிசையிலோ மூலையிலோ மட்டும் கோடாக இருந்தால் ஒழுக்கு. சந்தேகமாக இருந்தால் வீட்டு மொட்டைமாடியில் டென்ட்டை ஆளில்லாமல் போட்டு, ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தையல்மேல் தண்ணீர் அடியுங்கள். காலி டென்ட்டில் மூச்சு கிடையாது. ஈரம் தெரிந்தால் ஒழுக்கேதான். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான். மாற்றிப் போட்டால் ஒட்டாது. உட்பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பித்திருந்தால் சீலன்ட் வாங்குவதே வீண், துணியின் ஆயுள் முடிந்தது.

மெத்தைக்கு அடியில் ஈரம் என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். அடிவிரிப்பு டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் வழியும் பனியைப் பிடித்து அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுற்றிலும் 5 செமீ உள்ளடங்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் மெத்தை மெல்லியது. உடல் சூடு குளிர்ந்த தரையைத் தொடும் இடத்தில் ஈரம் கட்டும். 10 மிமீ மூடிய-அறை ஃபோம் (தண்ணீர் குடிக்காத வகை) விரிப்பை அடியில் போட்டு அதன்மேல் மெத்தை போடுங்கள். கால்மாட்டு ஈரம், பை உள்துணியில் உரசுவதால் வருவது.

ராத்திரி குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. எதிரெதிர் வாசல்களில் மேல்பக்கம் ஒரு சாண் திறந்து விடுங்கள், வென்ட் மூடிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், வெளித்துணியை முறுக்காக இழுத்துக் கட்டுங்கள். பள்ளத்தில் போடாதீர்கள், குளிர்காற்று அங்கேதான் வந்து தங்கும், உறைபனியும் முதலில் அங்கேதான் விழும்.

காட்ரோடு ஸ்டியரிங்:

டிரெய்லரை மறந்துடுங்க சார். கார் கையேட்டில் இழுவை எடை என்று ஒன்று போடவில்லை என்றால் பேச்சே வேண்டாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பிடிக்கிற முதல் கிளை அது. போட்டிருந்தாலும் நம்ம மலைக்கு வேற சிக்கல்.

சின்ன டிரெய்லர்களில் வருவது உந்துவிசை பிரேக். கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கப்ளிங் (காரோடு மாட்டும் இணைப்பு) உள்ளே போய் டிரெய்லரின் பிரேக் டிரம்மைப் பிடிக்கும். சமவெளிக்கு அருமையான ஏற்பாடு. ஆனா பெருமாள்மலையில் இருந்து காட்ரோடு வரைக்கும் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியோடு இறங்கினால் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக் விடவே விடாது. நீங்க பெடலைத் தொடாமலேயே டிரம் காயும். அப்புறம் கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தைவிட உள்ளே வெட்டும். உள்பக்கம் ஓடை இருக்கிற வளைவில் ஒரு சக்கரம் இறங்கிடும். பஸ் எதிரே வந்தால் ரிவர்ஸ் எடுக்கணும். டிரெய்லரோடு ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது கத்துக்கிட்டு வர வேண்டிய வித்தை, அதைப் பழகுற இடம் மலைச்சாலை இல்லை.

அடுக்கம் வழி கும்பக்கரை ரோட்டைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கோங்க, போகாதீங்க.

கீழ்மலை காபி:

டிரெய்லர் பற்றிச் சொன்னது சரி. 4020 பற்றி என் கருத்து: பஸ் போகிற ரோட்டில் எல்லாம் அது போகும். மன்னவனூர் வரை பஸ் ஓடுகிறது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத்தான் 2024 நவம்பரில் கொடைக்கானல் மலைச்சாலையில் தடை போட்டார்கள். 4020 ஏறக்குறைய 7 மீட்டர்தான். இ-பாஸ் 2024 மே 7 முதல் கார், வேன் எல்லாவற்றுக்கும் உண்டு. 2025 கோடையிலிருந்து வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள், ஆகவே சீசனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

சிக்கல் தார் ரோட்டில் இல்லை, அதிலிருந்து தோட்டத்துக்குள் போகும் கடைசி 300 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் தங்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் டேப்போடு நடந்து பாருங்கள்: கேட் அகலம், கேட்டுக்கு முன்னால் வளைத்து எடுக்க இடம், தாழ்ந்த மின்கம்பியும் கிளையும் எத்தனை உயரம், திரும்பி வர இடம். டிராவலர் உயரம் 2.6 மீட்டர் சுற்றி வரும். மேலே வென்ட்டும் சோலாரும் ஏறினால் 2.8. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளைகள் அந்த உயரத்தில் நிறையவே இருக்கும். நிறுத்துமிடம் குறுக்குவாட்டில் 2 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் தூக்கம் வராது, கழுவுதொட்டித் தண்ணீரும் வடியாது. மழைக்குப் பிறகு புல்லில் நிறுத்தினால் பின்சக்கர இழுவை வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். நான்கு கோணிச்சாக்கும் இரண்டு பலகையும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ரோட்டோரம் நிறுத்தித் தூங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் இரவு தங்க அனுமதி இல்லை, பேரிஜம் பக்கம் பகலிலேயே வனத்துறை பாஸ். மேல்மலையில் காட்டெருமை, கீழ்மலையில் கே.சி.பட்டி, பெரும்பாறைப் பக்கம் யானை. டென்ட் ஆனாலும் கேரவன் ஆனாலும் உங்களுக்குத் தேவைப்படுவது அதே தோட்டக்காரர்களின் தயவுதான். அனுமதியில்லாத டென்ட் முகாம்கள்மேல் வருவாய்த் துறை நடவடிக்கை எடுத்துக்கொண்டே இருப்பதால், கட்டணம் வாங்குகிற இடமாக இருந்தால் அவர்களிடம் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சிறுமலை அடிவாரம்:

நன்றி. டிஷ்யூ சோதனை பார்த்தாயிற்று: எல்லா இடத்திலும் சீரான துளி. ஹோஸ் அடித்ததில் உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடிவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது, மடித்துவிட்டேன். தாண்டிக்குடித் தோட்டத்து கேட் 2.4 மீட்டர், நுழையும்போது வளைவு. பூம்பாறையில் கேட் இல்லை, ஆனால் நிறுத்துமிடம் சரிவு. டிரெய்லர் யோசனையை விட்டாயிற்று. அம்மாவை நினைத்தால் வண்டி ஆசை மட்டும் போகவில்லை.

பட்டறைப் பலகை:

அண்ணே, டிராவலர் உடம்பு அகலமே சுமார் 2 மீட்டர், கண்ணாடி தனி. 2.4 கேட்டில் நேரா நுழையலாம், வளைச்சு நுழைய 4020-ஆல முடியாது. எடுத்தா 3350 வீல்பேஸ் எடுங்க. ஐந்து பேரும் உள்ளே படுக்க வராது. அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே, நீங்க ரெண்டு பேர் பக்கத்துல டென்ட்ல. ஓடும்போது ஐந்து பேருக்கும் பெல்ட்டோட இருக்கை இருக்கணும், கட்டில்ல படுக்க வச்சு ஓட்டக் கூடாது.

முதல்ல காகிதம். பஸ் ஆர்சியை வச்சுக்கிட்டு உள்ளே கட்டில் அடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடிக்கும், எஃப்சியில நிறுத்துவாங்க. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124-னு தனித் தரம் இருக்கு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியல்ல வரும். பட்டறைக்காரர் "ஆர்சி நாங்க பார்த்துக்குறோம்"னு சொன்னா, அதே தரத்துல ஆர்சி மாத்திக் கொடுத்த ஒரு வண்டியோட நகலைக் காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஆர்சி மாறினதும் இன்சூரன்ஸ்லயும் பதியணும்.

ஏமாறுற இடம் எடை. வீட்டு அலமாரி செய்ற ஆசாரி 19 மிமீ பிளைவுட் போடுவார், 8-க்கு 4 பலகை ஒண்ணு 35 கிலோ வரும். 12 மிமீ போட்டா 22 கிலோ. பத்துப் பலகைக்கு 130 கிலோ வித்தியாசம், அது ரெண்டு பெரிய ஆள். 80 லிட்டர் தண்ணி 80 கிலோ. வேலை முடிஞ்சதும் தண்ணி, கேஸ், ஆள் எல்லாம் ஏத்தி எடை மேடையில நிறுத்தி ஆர்சியில இருக்கிற மொத்த எடையோட ஒப்பிடுங்க. முன் அச்சு, பின் அச்சு தனித்தனியா.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டுக்கு ஏறக்குறைய 1800 மீட்டர் இறக்கம். 3.5 டன் வண்டி அவ்வளவு இறங்கும்போது 17 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தியை எங்கேயாவது கழிச்சாகணும். எஞ்சின் பிடிக்கலைன்னா அவ்வளவும் பிரேக்குக்குத்தான் போகும். டாட் 4 பிரேக் ஆயில் புதுசா 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் குடிச்ச பழைய ஆயில் 155-லயே கொதிக்கும். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க. எந்த கியர்ல ஏறுமோ அதே கியர்ல இறங்குங்க.

அப்புறம் உங்க ஈரம். தகரம் துணியைவிட மோசம், துணி கொஞ்சமாவது மூச்சு விடும். 13 முதல் 19 மிமீ மூடிய-அறை நைட்ரைல் ஃபோமை தகரத்தோட இடைவெளி இல்லாம ஒட்டணும், குறுக்குச் சட்டங்களையும் விடாம. கண்ணாடி இழை வேண்டாம். தண்ணி குடிச்சு உள்ளேயே துரு பிடிக்க வைக்கும். கூரையில 35 செமீ ஃபேன் வென்ட், எதிர் மூலையில தாழ்வா ஒரு காத்து வழி. ராத்திரி பூரா ஃபேன் மெதுவா ஓடணும். மேல்மலைக்கு ஏசி போட்டுத் தர்றேன்னு சொல்ற பட்டறையில டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க.

மூடுபனி:

மேலே சொன்னதோடு ஒன்று. குளிருக்குக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது, டென்ட்டானாலும் வண்டியானாலும். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டீசல் ஹீட்டர் போட்டால் எரிப்புக் காற்றும் புகையும் வெளியிலிருந்தே வந்து வெளியிலேயே போகும் மூடிய வகை, உயரத் திருத்தம் உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாதது 2000 மீட்டரில் எரிபொருள் மிஞ்சிக் கரி கட்டி நின்றுவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, எனவே 5 கிலோ சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும்.

அம்மாவுக்கு இப்போதைக்கு வண்டி இல்லாமலே வழி உண்டு. 45 செமீ உயர மடிப்புக் கட்டில், டென்ட் நின்று நடக்கிற உயரத்தில். வாசலை ஒட்டிச் சின்னக் கழிப்பறைக் கூடாரம், அதில் 20 லிட்டர் கையடக்கக் கழிப்பறை. கட்டிலுக்கு அடியில் காற்று போவதால் மேலேயும் ஃபோம் விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் முதுகு குளிரும். தொட்டியில் நொதி வகைத் திரவம் மட்டும். ஃபார்மால்டிஹைடு கலந்தது தோட்டக்காரர் செப்டிக் தொட்டியின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அடுத்த தடவை கேட்டைத் திறக்க மாட்டார். இந்தத் தொட்டிச் சிக்கல் கேரவனிலும் அப்படியே இருக்கிறது, மலையில் அதைக் கொட்டுவதற்கென்று தனி இடம் கிடையாது.

வண்டி வேண்டும் என்றே முடிவானால், வாங்குவதற்கு முன் ஜனவரியில் ஒரு வாடகைக் கேரவனை மன்னவனூர் பக்கம் நிறுத்தி ஒரு இரவு படுங்கள். விடியும்போது ஜன்னல் சட்டத்தையும் மெத்தையின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தால் போதும்.

சிறுமலை அடிவாரம்:

இந்தக் குளிர்காலத்துக்குக் கட்டிலும் கழிப்பறைக் கூடாரமும். ஜனவரியில் வாடகை வண்டி, பிறகு 3350 பற்றிப் பேச்சு. கடைசியாக ஒன்று: பட்டறையில் 100 ஆம்பியர் லித்தியம், 2000 வாட் இன்வர்ட்டர், இன்டக்‌ஷன் அடுப்பு, 200 வாட் சோலார் என்று சொல்கிறார்கள். போதுமா?

பட்டறைப் பலகை:

போதாது அண்ணே. 100 ஆம்பியர்-மணி 12.8 வோல்ட்ல 1280 வாட்-மணி. 1800 வாட் அடுப்பு 25 நிமிஷம் ஓடினாலே 750 போயிடும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 300, 400. விளக்கும் ஃபேனும் 100. ஒரு நாளிலேயே காலி. நவம்பர் மூடுபனியில 200 வாட் சோலார் 200, 300 தந்தா பெரிசு. 200 ஆம்பியர் போடுங்க, ஆல்டர்னேட்டர்ல இருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்க; ரெண்டு மணி நேர ஏற்றத்துல 60 ஆம்பியர்-மணி ஏறிடும். இல்லைன்னா சமையலை கேஸ்லயே வச்சுக்கிட்டு 100-ஓட நிறுத்துங்க, செலவும் எடையும் மிச்சம். 2000 வாட் இன்வர்ட்டர் முழு லோடுல 175 ஆம்பியர் இழுக்கும்: 50 சதுர மிமீ செம்பு கேபிள், ஒன்றரை மீட்டருக்குள்ள, பேட்டரி முனையிலேயே கிளாஸ் T ஃபியூஸ். பேட்டரியைப் பின் கதவுப் பக்கம் வைக்காம இருக்கைக்கு அடியில வைங்க. உறைபனி விழுற காலையில செல் 0 டிகிரிக்குக் கீழ இருக்கும்போது வெயில் பட்டு சோலார் சார்ஜ் ஏறினா லித்தியம் கெட்டுப் போகும். குளிர்ல சார்ஜை நிறுத்துற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்குற சர்க்யூட்) உள்ளதா இருக்கான்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்கிக்கோங்க.