சோழமண்டலமும் முற்போக்கு ஓவியர் சங்கமும் ஒன்றா?

அலைவரிசை: சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஈஞ்சம்பாக்கம் வழியாகப் பல வருஷம் போய் வந்தும் போன ஞாயிறுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குள் நுழைந்தேன். ஆரம்பித்தது 1944 என்கிறார் ஒருவர், 1966 என்கிறார் இன்னொருவர். பம்பாயில் ஓவியர் எஃப்.என். சூசா தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழுவின் கிளையா இது? அப்புறம், படம் வரைய எதற்கு ஒரு கிராமமே வேண்டும்?

கரித்துண்டு: கிளையெல்லாம் இல்லைங்க. பம்பாய்க் குழுவே 1947தான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் மெட்ராஸில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை 1944லேயே தொடங்கிவிட்டார், கண்காட்சி வைப்பதும் கூடி விவாதிப்பதும்தான் அதன் வேலை. கிராமம் 1966. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வயிற்றுப்பாட்டுக் கதை. 1957ல் மெட்ராஸ் ஓவியக் கல்லூரி முதல்வரான பணிக்கர், நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்த் தூரிகையைக் கைவிடுவதைக் கண்ணெதிரே பார்த்தார், ஏனென்றால் அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளே கிடையாது. அதனால் கைவினைஞர் சங்கம் ஒன்று அமைத்து பாட்டிக் போட ஆரம்பித்தார்கள். துணியில் உருக்கிய மெழுகால் கோலம் இழுத்து, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை நீக்கி எடுப்பது. அது விற்றது. அந்தக் காசில் வாங்கியதுதான் கடலோர மணல் நிலம், முதலில் கூரைக் குடிசைகள்தான்.

செம்மண்: காசுக் கதை சரி, ஆனால் நோக்கம் அது மட்டும் இல்லையே. ஐரோப்பாவைப் பார்த்துப் போடாமல் நவீனமாக வரைய முடியுமா என்பதுதான் அவர்களுடைய தலைவலி. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள், ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், நடுவே படிக்கவே முடியாத எழுத்து. எல்லாமே வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். பெண்கள் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று மிகச் சிலர்தான். கே. ராமானுஜம் அங்கேயே வாழ்ந்து 1973ல் தற்கொலை செய்துகொண்டார்.

அலைவரிசை: ராமானுஜம் என்றால், மையில் பொடிப்பொடிக் கோடாகக் கோட்டையும் தொப்பிக்காரருமாக வரைந்தவர்தானே?

செம்மண்: அவரேதான். 2009ல் அங்கே திறந்த கலை மையத்தில் இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள், பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கரித்துண்டு: பாட்டிக் விற்று நிலம் வாங்குவதெல்லாம் அன்றோடு சரி. இன்றைக்கு ஈசிஆர் விலையில் ஒரு சென்ட்கூடத் தேறாது.