வீட்டுச் செடிகளுக்காக ஒரு கலப்பு மெய்ம்மைச் செயலி: வடிவமைத்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து, வடிவமைப்பாளர்:

2024 ஜூலையில், வீட்டுச் செடிகளைப் பராமரிக்க உதவும் மிக்ஸ்டு ரியாலிட்டி (கலப்பு மெய்ம்மை) செயலி ஒன்றை உருவாக்கும் வேலையை நானும் இரு நண்பர்களும் தொடங்கினோம். கண்களின் மேல் மாட்டும் ஹெட்செட்டை அணிந்தால், அதன் கேமரா வழியே நம் வீட்டுக் கூடம் உள்ளபடியே தெரியும். அதற்குள் ஒவ்வொரு தொட்டியின் மேலும் செடியின் பெயரும், அடுத்து நீர் ஊற்ற வேண்டிய நாளும், சிரிக்கும் அல்லது அழும் ஒரு முகமும் மிதக்கும். அணிந்து பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். அந்த வியப்பையே வெற்றி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதல் அடி எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த அவர், பல ஆண்டுகளாகத் தொட்டிகளில் செடி வளர்ப்பவர். ஹெட்செட்டை மாட்டியதும் குரோட்டன்ஸ் தொட்டியின் முன் குனிந்தார், மிதந்துகொண்டிருந்த தகவல் பலகையைக் கையால் ஒதுக்கப் பார்த்தார், அது ஒதுங்கவில்லை. “இதைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் தம்பி, இலையின் அடிப்பக்கம் தெரியவில்லை” என்றார். மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அவர் குனிந்திருந்தார். செடியைப் பார்க்க உதவுவதற்கென்று நாங்கள் செய்த பலகை, செடியில் பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாக மறைத்துக்கொண்டு நின்றது.

1994-இல் ஆய்வாளர்கள் பால் மில்கிராமும் ஃபூமியோ கிஷினோவும் எழுதிய கட்டுரை, மெய்யுலகை ஒரு முனையிலும் மெய்நிகர் உலகை மறுமுனையிலும் வைத்து, இடைப்பட்ட பரப்பைக் கலப்பு மெய்ம்மை என்று குறித்தது. அந்தக் கோட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கள் கூடத்து பீஸ் லில்லி ஒரு நாள் தாகத்தில் தலையைத் தொங்கவிட்டிருக்க, அதன் மேல் மிதந்த முகமோ, அட்டவணைப்படி இன்னும் ஒரு நாள் இருக்கிறதென்று சிரித்துக்கொண்டிருந்தது. தனக்கு நீர் வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் செடிக்கு, இன்னொரு முகத்தை நாங்கள் ஏன் வரைந்தோம் என்று இன்றும் விளங்கவில்லை.

அட்டவணை செய்த கேடு அதோடு நிற்கவில்லை. நான்கு நாளுக்கு ஒரு முறை நீர்த்துளிச் சின்னம் தோன்றும்படி வைத்திருந்தோம். நவம்பர் மழையில் காற்றெல்லாம் ஈரமாக இருக்க, தொட்டி மண் ஒரு வாரமாகியும் காயாதபோது, நான் எழுதிய செயலியின் சொல்லுக்கு நானே கட்டுப்பட்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்டிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் இசட் இசட் செடி அழுகிச் செத்தது. மேலும், கையில் பூவாளி இருக்கும்போது ஹெட்செட்டால் விரல்களைச் சரியாக அடையாளம் காண முடியாது என்பதால், நீர் ஊற்றும் அதே வேளையில் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியவில்லை. (பொத்தானில் ‘தொட்டி’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்ற கதை தனி. கடைசியில் தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் படங்களாகவே மாற்றி ஒட்டினோம்.)

திருப்பம் வீடு துடைக்க வந்த அக்காவால் நேர்ந்தது. அவர் தொட்டிகளை நகர்த்தித் துடைத்துவிட்டு, வேறு வரிசையில் வைத்துவிட்டுப் போனார். மாலையில் ஹெட்செட்டை அணிந்தபோது, பலகைகள் பழைய இடங்களிலேயே அந்தரத்தில் தொங்கின. ஹெட்செட் நினைவில் வைத்துக்கொள்வது அறையின் ஒரு புள்ளியைத்தான். அங்கே இருந்த பொருள் நகர்ந்துவிட்டால் அதற்குத் தெரியாது. எங்கள் ஹெட்செட்டில் அந்நாளில் கேமராக் காட்சி அணிந்திருப்பவருக்குத் தெரியுமே தவிர, தனியுரிமை கருதிச் செயலிக்குக் கிடைக்காது என்பதால், செடியைப் படம் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இதைக் குறை என்று எண்ணி மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான், இந்தக் கருவிக்கு நன்றாகத் தெரிந்தது இடம், அப்படியானால் இடத்தைப் பற்றியே பேசட்டும் என்று நண்பர் சொன்னார்.

வீட்டுச் செடிகள் வாடுவதற்கு நீருக்கு அடுத்த பெரிய காரணம் வெளிச்சம் சரியாக அமையாதது. வெளியூர்க் கையேடுகள் வடக்கு ஜன்னலில் நேரடி வெயில் விழாது என்று எழுதுகின்றன. அது வட அரைக்கோளத்தின் மித வெப்ப நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. எனவே தேதியையும் அட்சரேகையையும் கொண்டு சூரியனின் பாதையைக் கணக்கிட்டு, ஜன்னல் வழியாக வெயில் விழும் கட்டம் தரையில் ஜூனில் எங்கே, டிசம்பரில் எங்கே என்று காட்டும்படி செயலியை மாற்றினோம்; நீர் ஊற்ற நினைவூட்டும் வேலையை ஹெட்செட்டிலிருந்து எடுத்துக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டோம். திசையை அறிவதற்குக் கைப்பேசியின் திசைகாட்டியை நம்பிப் பார்த்தோம்; சுவர்க் கம்பிகளுக்கு அருகே அது தடுமாறியது. அதனால் இப்போது செயலி, “கிழக்கு எந்தப் பக்கம்? கையை நீட்டிக் காட்டுங்கள்” என்று கேட்கிறது. வாஸ்து பார்த்து வீடு வாங்கும் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் தயங்கியதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, மின்னணுப் பொறியாளர்:

ஐயா, தங்கள் பதிவைப் படித்ததும் என் முயற்சியும் நினைவுக்கு வந்தது. நான் ஒரு பி.எச்.1750 ஒளி உணரியைக் கையில் ஏந்தி வீடெங்கும் நடந்து, ஒவ்வொரு இடத்தின் அளவையும் ஹெட்செட்டில் அந்த இடத்தின் மேலேயே வண்ணமாகப் பூசினேன். சோபாவின் ஓரம் என் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. உணரி காட்டியது 110 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலருகே 1,800 வந்தது. பால்கனி வெயிலில் 54,612 என்ற எண்ணில் அசையாமல் நின்றுவிட்டது. பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கிய பிறகுதான், வழக்கமான அமைப்பில் அதன் உச்சவரம்பே அதுதான் என்று விவரக்குறிப்பில் படித்தேன். நம் கண் இருளுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வது போலவே ஹெட்செட்டின் கேமராவும் இருண்ட மூலையைத் தானாகவே வெளிச்சமாக்கிக் காட்டுவதால், அதன் வழியே பார்த்து இடம் தேர்ந்தெடுப்பவர் இரு மடங்கு ஏமாறுவார் என்பது என் அனுபவம்.

வண்ணத்திலும் ஒரு தவறு செய்தேன். அளவுகளைச் சம இடைவெளியில் பிரித்ததால் பால்கனி மட்டும் மஞ்சளாகவும் வீடு முழுவதும் ஒரே கருநீலமாகவும் தெரிந்தது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் இரு மடங்காகும்படி மாற்றிய பிறகுதான், அலமாரியின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து, நர்சரி நடத்துபவர்:

எங்களிடம் வருகிறவர்கள் கைப்பேசியில் மஞ்சளான இலையைக் காட்டி மருந்து கேட்கிறார்கள். நீர் மிகுந்தாலும் இலை மஞ்சளாகும், குறைந்தாலும் மஞ்சளாகும். படத்தை மட்டும் பார்த்து நான் எதையும் சொல்வதில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தீர்களா, கனமாக இருந்ததா, இலேசாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் ஹெட்செட்டால் கனத்தை அறிய முடியாது என்பதால், நீர் ஊற்றும் பொறுப்பை அதனிடமிருந்து எடுத்துவிட்டது சரியே. இடம் காட்டும் வசதி மட்டும் இருந்தால், துளசியை வாங்கிச் சென்று டிவி பக்கத்தில் வைத்துவிட்டு மறுமாதம் திரும்பி வருகிறவர்கள் குறைவார்கள்.

சென்னையிலிருந்து, வடிவமைப்பாளர்:

நன்றி. தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியை, கைப்பேசியில் வரும் நினைவூட்டலில் சேர்த்துவிட்டோம். ஹெட்செட்டை இப்போது செடி வாங்கும் நாளிலும் பருவம் மாறும்போதும் மட்டுமே அணியச் சொல்கிறோம். எதிர்வீட்டு அம்மா மே மாதத்தில் தன் துளசியை வடக்குப் பால்கனிக்கு மாற்றினார். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் அதைத் தெற்கே எடுத்து வைக்க வேண்டும் என்று செயலி காட்டியதை, சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.