இடதுகைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டாமே, எப்படி வாங்குவது?

பிட்ஸ்பர்க் அம்மா:
வணக்கம். இரண்டு இரவாகத் தூக்கமில்லை. மகளுக்குக் கல்லூரியிலிருந்து செலவுக் கணக்கு வந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கும் கூட்டினால், ஊரில் இருக்கும் வீட்டை விற்றாலும் போதாது. இடதுகைக்காரர்களுக்கும் உயரமானவர்களுக்கும் இங்கே அமெரிக்காவில் உதவித்தொகை தருகிறார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். என் மகள் இடதுகையால்தான் எழுதுவாள். எங்கே விண்ணப்பிப்பது? தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

மினசோட்டா அண்ணன்:
தங்கச்சி, பயப்படாதே. நான் 1998 ஜனவரியில் வந்து இறங்கியபோது காலில் கான்வாஸ் காலணி. பஸ் நிறுத்தத்தில் நின்ற இருபது நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போயின. அறைக்கு வந்து வெந்நீரில் கால் வைத்ததும் வலி உயிர் போனது. விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவித்தான் படித்தேன். உதவித்தொகையை நம்பாதே. பிள்ளையைப் பகுதிநேர வேலைக்கு அனுப்பு. முதலில் எல்லோருக்கும் நல்ல பனிக்காலணி வாங்கு.

ஹாரிஸ்பர்க் ஆசிரியை:
இடதுகை உதவித்தொகை உண்மைதான், அதுவும் உங்கள் பென்சில்வேனியா மாநிலத்திலேயே. ஹண்டிங்டன் ஊரில் ஜூனியாட்டா கல்லூரி இருக்கிறது. 1919-இல் அங்கே டென்னிஸ் வகுப்பில் இருவருமே இடதுகைக்காரர்கள் என்பதால் ஜோடி சேர்க்கப்பட்ட ஃபிரெடெரிக், மேரி பெக்லி பிறகு மணந்துகொண்டார்கள். 1979 முதல் அவர்கள் பெயரில் இது தரப்படுகிறது. ஆனால் அந்தக் கல்லூரியிலேயே படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். தொகையும் ஆயிரம் டாலர் சொச்சம். இதற்காகக் கல்லூரியை மாற்றாதீர்கள்.

டெக்சாஸ் தம்பி:
இவையெல்லாம் நேர விரயம் அக்கா. என் தங்கை இருபது கட்டுரை எழுதினாள், ஒன்றும் வரவில்லை. ஓர் இடத்தில் விண்ணப்பக் கட்டணம் என்று 35 டாலர் வாங்கிக்கொண்டு மறைந்துபோனார்கள்.

சிகாகோ அப்பா:
பணம் கேட்டால் அது மோசடி, அதோடு விட்டுவிட வேண்டும். அதற்காக எல்லாமே வீண் என்று சொல்லாதீர்கள். கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் பிள்ளைகளுக்கு எவன்ஸ் உதவித்தொகை 1930 முதல் இருக்கிறது. கல்விக் கட்டணம், தங்குமிடம் இரண்டும் முழுதாகக் கிடைக்கும். என் மகன் மூன்று கோடைக்காலம் சுமந்தான். காலை ஆறு மணிக்குப் பனித்துளியில் காலணி ஊறிவிடும். மதியம் வீட்டுக்கு வரும்போது வலது தோளில் பட்டை பதிந்த சிவப்புத் தழும்பு இருக்கும். அவன் படித்து முடித்துவிட்டான். என் கையிலிருந்து கல்விக் கட்டணமாக ஒரு டாலர்கூடப் போகவில்லை.

டெக்சாஸ் தம்பி:
மூன்று கோடை சுமக்க இவர்களுக்கு நேரம் ஏது? ஊரிலும் இதே கதைதான். கல்விக் கடனுக்காக என் அப்பா வங்கிக்கு எட்டு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் இன்னொரு தாள் கேட்டார்கள்.

மினசோட்டா அண்ணன்:
எங்கள் காலத்தில் கடனே கிடையாது. அம்மாவின் சங்கிலிதான் போயிற்று. இன்றுவரை மீட்கவில்லை.

சான் ஹோசே அக்கா:
அவரவர் வலி உண்மைதான். ஆனால் அந்த அம்மா தூங்காமல் இருக்கிறார். சகோதரி, மூன்று விஷயம் சொல்லுங்கள். மகளுக்கு என்ன விசா? எந்த வகுப்பு? இங்கே வந்து எத்தனை மாதம்? விசா தெரியாமல் வேலைக்கு அனுப்பு என்று யாரும் சொல்லாதீர்கள்.

பிட்ஸ்பர்க் அம்மா:
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். எச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது. பன்னிரண்டாம் வகுப்பு. போன ஆகஸ்டில் வந்தோம். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நாங்கள் சைவம்; பள்ளி உணவகத்தில் அவளுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை என்று 140 பேரிடம் கையெழுத்து வாங்கி, தினமும் ஒரு சைவ உணவு வைக்கச் செய்தாள். அதில் அலைந்துதான் படிப்பைக் கோட்டை விட்டாள் என்று நான் திட்டினேன்.

சான் ஹோசே அக்கா:
திட்டாதீர்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு. வெஜிடேரியன் ரிசோர்ஸ் குரூப் என்ற அமைப்பு, அமெரிக்கப் பள்ளியில் இறுதி வகுப்பு முடிக்கும் மாணவர்களுக்கு 10,000 டாலர் ஒன்றும் 5,000 டாலர் இரண்டும் தருகிறது. சைவமாகச் சாப்பிடுவது மட்டும் போதாது. சைவத்தைப் பரப்ப என்ன செய்தாள் என்று பார்ப்பார்கள். கடைசி நாள் பிப்ரவரி 20. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

உயரத்துக்கான உதவித்தொகைக்குப் பெண்கள் ஐந்தடி பத்து அங்குலம் இருக்க வேண்டும், அதை மறந்துவிடுங்கள். எச்-4-இல் கூட்டாட்சி அரசின் மாணவர் உதவி கிடைக்காது. வேலைக்கும் போகக்கூடாது, விசாவுக்கே ஆபத்து. மாநில அரசுக் கல்லூரியில், அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் குடியிருந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஆகஸ்டில் நிறையும். வெளியிலிருந்து பணம் வந்தால் தங்கள் உதவியைக் குறைப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சில கல்லூரிகள் குறைக்கின்றன. உதவித்தொகையில் உணவுக்கும் விடுதிக்கும் போகும் பங்குக்கு வரி உண்டு.

அந்தக் கையெழுத்துத் தாள் இருக்கிறதா?

பிட்ஸ்பர்க் அம்மா:
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். ஓரத்தில் சாம்பார் கறை இருக்கிறது, பெயர்கள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. எடுத்துப் படம் பிடித்துவிட்டேன். பரிந்துரைக் கடிதத்தை உணவக மேலாளரிடம் கேட்கலாமா, ஆசிரியர்தான் தர வேண்டுமா அக்கா?

சான் ஹோசே அக்கா:
இருவரிடமும் கேளுங்கள். நாளைக் காலையிலேயே.