அணைப் பூங்கா ஐயாவைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிருஷ்ணகிரி பக்கத்திலுள்ள கே.ஆர்.பி அணைப் பூங்காவில் மேற்பார்வையாளராக இருந்த ஐயா போன மாதம் காலமானார். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதெல்லாம் அன்றோடு போய்விடக் கூடாது என்றுதான் இங்கே தொடங்குகிறேன். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். காக்கிச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து என்றாலே பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குக் காவேரிப்பட்டணம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா திரிந்த கோடையில் அப்பா என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார். முதல் பதினைந்து நாளும் கோரை பிடுங்கும் வேலைதான். கோரையை மேலாக இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து நாலு நாளில் மறுபடி தலைகாட்டும். அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கம்பியைக் கொஞ்சம் தள்ளிச் சாய்வாகக் குத்தி, மண்ணை நெம்பி, கறுத்த கிழங்கை முழுசாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தழையை எண்ணாத சாமி, இதை எண்ணு" என்றார். சாயங்காலம் நிஜமாகவே எண்ணிப் பார்த்தார்.

அப்புறம் மா ஒட்டு கற்றுக்கொடுத்தார். நாட்டு மாங்கொட்டை முளைத்த கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, செந்தூரா ரக மாங்குச்சியை ஆப்பு மாதிரி சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு பக்கமாவது தோலோடு தோல் சேர வேண்டும், இடையில் காற்று நிற்கக் கூடாது. கட்டி முடிக்கும் வரை வாய் திறக்க மாட்டார். நான் கட்டிய பத்தில் இரண்டுதான் பிழைத்தன. கருகிப்போன எட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, எங்கே இடைவெளி விட்டேன் என்று காட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பிழைத்த இரண்டில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டு வாசலில் காய்க்கிறது.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து ஓர் ஆசிரியை

காணும் பொங்கலன்று அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. என் மகனுக்கு அப்போது நாலு வயது, கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான். அவ்வளவு பெரிய பூங்காவில் எங்கே போய்த் தேட? நான் அழுதுகொண்டே வாசலுக்கு ஓடினேன். அதற்குள் ஐயா அவனைத் தோளில் உட்கார வைத்து, விசில் ஊதியபடி நடந்து வந்துகொண்டிருந்தார். பையன் ஜம்மென்று அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு பொரி தின்கிறான். "அம்மாவைக் காணோம்னு இவர் சொல்லலீங்க, நான்தான் பயந்துட்டேன்" என்றார். நான்கு வயதுக் குழந்தையை அவர் "இவர்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பெரியமுத்தூர்ப் பக்கத்திலிருந்து

2017 நவம்பர் கடைசியில் அணையின் முதல் மதகு ஷட்டர் உடைந்ததே, அன்று நான் அங்கே இருந்தேன். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. செய்தி கேட்டதும் டி.வி.எஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீர் அதிகம் திறந்தாலே பூங்காவுக்குப் போகிற தரைப்பாலம் முழுகிவிடும், அது அவருக்கு மனப்பாடம். வேடிக்கை பார்க்க வந்த இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் இறங்கப் பார்த்தார்கள். வண்டியைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "யாருய்யா நீ?" என்று ஒருவன் கேட்டான். பதிலே சொல்லவில்லை, கையையும் இறக்கவில்லை. போலீஸ் வந்த பிறகுதான் நகர்ந்து போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. டீ வாங்கிக்கொடுத்தேன், குடித்துவிட்டுக் காசு எடுத்து நீட்டினார்.

காவேரிப்பட்டணம் பேருந்து நிலையம் அருகே, பூக்கடை

எங்கள் அம்மா கடை வைத்திருந்த காலத்திலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்குவார். மல்லி வாசம் அவர் சம்சாரத்துக்குத் தலைவலி கொடுக்குமாம். "பூங்கா முழுக்கப் பூவை வச்சுக்கிட்டு இங்க வந்து காசு கொடுக்கிறீங்களே" என்று அம்மா ஒருநாள் கேட்டார். "அது ஊர்ப் பூ அக்கா, இது வீட்டுப் பூ" என்றார். அவர் சம்சாரம் தவறிய பிறகும் ஒரு வாரம் வரை வந்து வாங்கிக்கொண்டு போனார். படத்துக்குப் போடுவதற்கு என்று நினைக்கிறேன்.

அவருடைய மூத்த மகள்

எல்லோரும் எழுதியதைத் தம்பி படித்துக் காட்டினான். பூக்கடைக்கார அண்ணா, அது படத்துக்குத்தான்.

அப்பா வீட்டில் அதிகம் பேசியதில்லை. மத்தியானச் சோறு மட்டும் எவ்வளவு வேலை இருந்தாலும் வீட்டுக்கு வந்து எங்களோடுதான். நக இடுக்கில் இருக்கிற மண் கழுவிப் போகும் வரை அம்மா சோறு போட மாட்டார், கையை நீட்டிக் காட்ட வேண்டும். எனக்கும் தங்கைக்கும் கல்யாணச் சீரோடு ஆளுக்கொரு மா ஒட்டுக்கன்று கட்டிக் கொடுத்தார். என்னுடையது அரூரில் நிற்கிறது, போன வைகாசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பழத்தை அறுத்து வாயில் போட்டுவிட்டு, "புளிப்பு கொஞ்சம் நிக்குது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்" என்றார்.

உங்களிடம் ஓர் உதவி. பூங்காவுக்கு வந்தவர்கள் கேமராவை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை குடும்பங்களை எடுத்தாரோ. வேலை பார்க்கிற அப்பாவின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. உங்கள் பழைய ஆல்பத்தில், சறுக்குமரத்துக்குப் பின்னாலோ ரோஜாப் பாத்தி ஓரத்திலோ, பச்சைத் துண்டோடு குனிந்து நிற்கிற ஒருவர் தற்செயலாக விழுந்திருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.