ரிலே 9.2 கிலோமீட்டர்ங்குது, ஃபால்ட் 8-லயே இருந்துச்சுங்க

தாராபுரத்து லைன்மேன்: ஆடிக்காத்துல எங்க 22 கேவி ஃபீடர் (சப் ஸ்டேஷன்ல இருந்து போற லைன்) ட்ரிப் ஆச்சுங்க. ஃபால்ட் எவ்வளவு தூரத்துலன்னு சொல்ற சப் ஸ்டேஷன் ரிலே 9.2 கிலோமீட்டர்னு காட்டுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடைக்கு அந்தப்பக்கம் கம்பம் கம்பமா டார்ச் அடிச்சுப் பார்த்தோம், ஒண்ணுமில்லை. கடைசில 8-வது கிலோமீட்டர்ல தென்னைமட்டை கிடந்துச்சு. 5-வது கிலோமீட்டர்ல கரண்ட் எடுக்கிற பழைய காத்தாடி (காற்றாலை) ஒண்ணு லைன்ல சேருது. அதனாலயாங்க?

உடுமலை டெஸ்டிங்: அதேதானுங்க. ரிலே வோல்டேஜைக் கரண்டால வகுத்துத் தூரம் சொல்லுது; அதுக்குத் தெரியற கரண்ட் சப் ஸ்டேஷன்ல இருந்து போறது மட்டும். அது 1000 ஆம்பியர், காத்தாடி 400 தருதுன்னு வைங்க. கடைசி 3 கிலோமீட்டர்ல 1400 ஓடுது, வோல்டேஜ் டிராப் 1.4 மடங்கு, அதனால அந்த 3 கிலோமீட்டர் ரிலேவுக்கு 4.2 மாதிரித் தெரியும். 5 + 4.2 = 9.2. சோலார் இன்வெர்ட்டர்னா தன்னோட ரேட்டிங்குக்குக் கொஞ்சம் மேலதான் தரும், பிழை குறையும். காத்தாடி பக்கத்து கரண்டையும் அதே நேரத்துல பதிஞ்சு கணக்குல சேர்க்கோணுங்க.

தாராபுரத்து லைன்மேன்: கணக்கு அப்படியே ஒத்து வருதுங்க! அப்ப காத்தாடி ஓடற நாள்ல முன்னாடி இருந்தே தேடோணும்.

காங்கயம் ஃபோர்மேன்: தம்பி, கம்பம் ஏறுமுன்னே லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்ச் திறந்து, வேலை செய்யற இடத்துக்கு ரெண்டு பக்கமும் லைனைப் பூமியோட சேர்க்கிற எர்த் ராடு போடுங்க. கெப்பாசிட்டர் இருக்கிற பழைய காத்தாடி சப்ளை போனாலும் கொஞ்ச நேரம் தானா வோல்டேஜ் குடுக்கும்.