பிர்லோ பின்னால் இறங்கி ஆடியது எப்படி? மற்றவர்களுக்கு அது ஏன் சரிவருவதில்லை?

மைதான_ஓரம்:
இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ பத்தாம் நம்பர் இடத்தில், அதாவது ஸ்ட்ரைக்கர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று தாக்குதலை நடத்தும் இடத்தில், வளர்ந்த ஆட்டக்காரர். ஆனால் பெயர் வாங்கியதெல்லாம் தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால் நின்று ஆடித்தான். வேகம் கிடையாது, இடித்துப் பந்தைப் பறிப்பவரும் இல்லை. இந்த மாற்றத்தைச் செய்தது ஏசி மிலனில் பயிற்சியாளர் அன்செலோட்டிதானா? பின்னால் இறங்கியதில் பிர்லோவுக்கு என்ன லாபம்? நன்றாக பாஸ் போடுகிற பையனை அதே இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் அணிதான் கோல் வாங்குகிறது. கோளாறு எங்கே? அவருடைய ஃப்ரீ கிக் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
அன்செலோட்டிக்கு முன்பே நடந்த விஷயம் அது. 1998-ல் பிர்லோ ப்ரெஷா அணியிலிருந்து இன்டர் மிலனுக்குப் போனார். அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை; 1999-2000 சீசனில் ரெஜ்ஜினாவுக்குக் கடனாக ஆடினார். 2001 தொடக்கத்தில் மறுபடி கடனாக ப்ரெஷாவுக்கே வந்தபோது பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே. அந்த அணியில் பத்தாம் நம்பர் இடம் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் ரொபெர்த்தோ பாஜ்ஜோவுக்கு. அவரை நகர்த்த யாருக்கு மனசு வரும்? அதனால் மட்ஸோனே பிர்லோவை இருபது, இருபத்தைந்து மீட்டர் பின்னால் இறக்கினார். 2001 ஏப்ரல் 1, டூரினில் யுவென்டஸுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் நடுக்களத்திலிருந்து ஒரு நீண்ட பாஸ். பாஜ்ஜோ ஒரே தொடுதலில் கோல்கீப்பரைத் தாண்டிப் போய் கோல் அடித்தார், ஆட்டம் 1-1. பின்னாளைய பிர்லோ முழுசாக அந்த ஒரு பந்தில் இருக்கிறார்.

அன்செலோட்டியின் பங்கு வேறு. 2001-ல் இன்டரை விட்டு ஏசி மிலனுக்கு வந்த பிர்லோவை அந்த இடத்திலேயே வைத்து, சுற்றிலும் அணியைக் கட்டினார். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் இரண்டும் அப்படி வந்தவை.

ஆறாம்_நம்பர்:
உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

பத்தாம் நம்பர் இடத்தில் கோலுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் பந்து வரும். இரண்டடி பின்னால் ஒரு டிஃபென்டர் மூச்சுவிடுவார். கால் வேகம் இல்லாதவருக்கு அங்கே திரும்பவே நேரம் இருக்காது. பின்னால் இறங்கினால் மைதானம் முழுக்கக் கண் முன்னால் விரியும். எதிரணி ஸ்ட்ரைக்கர்கள் நடுத் தற்காப்பாளர்களான சென்டர் பேக்குகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். மிட்ஃபீல்டர்கள் மேலே ஏறி வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடைவெளி விழும். அந்தத் தயக்கம்தான் பிர்லோவுக்குக் கிடைத்த இரண்டு விநாடி.

பையன்களிடம் பிசகுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, பந்து வந்த பிறகுதான் தலையைத் தூக்குகிறார்கள். பாஸ் புறப்படும் முன் ஒருமுறை, பந்து உருண்டு வரும்போது இன்னொருமுறை தோளுக்கு மேல் பார்த்துவிட வேண்டும். இரண்டு, சொந்த கோலைப் பார்த்தபடி நேராக நின்று வாங்குகிறார்கள். உடம்பைப் பாதி திருப்பி, பந்து வரும் பக்கத்துக்கு எதிர்க் காலில் வாங்கினால் அடுத்த தொடுதலே பாஸாகிவிடும்.

மூன்றாவதுதான் பெரிய கோளாறு, அது பையனுடைய தப்பே இல்லை: பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. மிலனில் பிர்லோவுக்குப் பக்கத்தில் கட்டூசோ ஓடினார். யுவென்டஸில் விடால், மார்க்கீஸியோ. நடுவில் பந்து பறிபோனால் வழியை அடைக்க இவர்கள் இருந்தார்கள். பிர்லோ டாக்கிளுக்குப் பாயாமல் முன்னோக்கிப் போகும் பாஸை மறித்து மூன்று, நான்கு விநாடி தாமதப்படுத்தினால் போதும். ஓரத் தற்காப்பாளர்களான இரண்டு ஃபுல் பேக்கும் மேலே ஏறி, நடுவில் ஒரு பையனை மட்டும் விட்டுவிட்டு ‘பிர்லோ மாதிரி ஆடு’ என்பது அநியாயம்.

மைதான_ஓரம்:
நன்றி. அப்படியானால் எதிரணி ஒரு ஆளை அவர் மேல் ஒட்ட வைத்தாலே போதுமே?

ஆறாம்_நம்பர்:
போதும், செய்தும் காட்டினார்கள். 2010 மார்ச் 10, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் பார்க் ஜி-சங்கை பிர்லோவுக்காகவே நிறுத்தியது. பந்து எங்கே இருந்தாலும் பார்க்கின் கண் பிர்லோ மேல். மிலன் 4-0 என்று தோற்றது. ஒரு கோல் பார்க்கே அடித்தார். பார்க் அளவுக்குத் தொண்ணூறு நிமிடமும் ஓடக்கூடிய, ஒழுங்கு தவறாத ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். இன்னொன்று, பின்னால் இரண்டாவது பாஸர் இருந்தால் இந்த வித்தை செல்லாது. யுவென்டஸில் பயிற்சியாளர் கான்ட்டேயின் 3-5-2-ல் (மூன்று டிஃபென்டர், ஐந்து மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) பிர்லோவை அடைத்தால் பின்வரிசையிலிருந்து போனூச்சி நீளப் பந்து போட்டுவிடுவார். 2011-ல் மிலன் பிர்லோவைப் போகவிட்டது, யுவென்டஸ் காசே கொடுக்காமல் எடுத்தது. அடுத்த நான்கு சீசனும் லீக் பட்டம் யுவென்டஸுக்குத்தான். முதல் சீசனில் 38 லீக் ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

சுவர்_9.15:
ஃப்ரீ கிக் என் பங்கு. பிரான்ஸின் லியோன் அணியில் ஆடிய பிரேசில்காரர் ஜுனினியோ பெர்னாம்புகானோவைப் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. உள்ளங்காலின் பக்கவாட்டால் வளைக்கும் வழக்கமான அடி இல்லை. மூன்று விரல்கள் பந்தின் அடிப்பாகத்தில் படும்படி, பாதத்தை முடிந்தவரை நேராக வைத்து அடிக்க வேண்டும். பந்து அதிகம் சுழலாமல் போகும். சுழற்சி குறைந்தால் காற்று இரு பக்கமும் ஒரே மாதிரி பிரியாது, அதனால் பந்து தள்ளாடி, கடைசியில் பொத்தென்று இறங்கும். எதிரணி ஆட்கள் வரிசையாக நின்று மறிக்கும் சுவர் 9.15 மீட்டரில் நிற்கிறது. அதைத் தாண்டி ஏறிய பந்து 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோலின் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேலே பறந்துவிடும். கால் குறுக்கே இழுத்தால் சுழற்சி ஏறிவிடும், தள்ளாட்டம் போய்விடும்.

2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் மெக்ஸிகோவுக்கு எதிரான ஃப்ரீ கிக்கைப் பாருங்கள். இத்தாலிக்காக அவருக்கு நூறாவது ஆட்டம்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு. 2006 உலகக்கோப்பை அரையிறுதி, டார்ட்மண்ட், 119-வது நிமிடம். கார்னர் அடைபட்டு பந்து பாக்ஸுக்கு வெளியே பிர்லோவிடம் வருகிறது. எல்லோரும் ஷாட்டை எதிர்பார்க்கிறார்கள். அவர் வலப்பக்கமாக நகர்கிறார், ஜெர்மனிக்காரர்கள் அவரை மறிக்கக் கூடவே நகர்கிறார்கள். கண் ஒரு பக்கம் இருக்க, இடைவெளியில் க்ரோஸ்ஸோவுக்குத் தள்ளிவிடுகிறார். கோல்.

இன்னொன்று 2014 உலகக்கோப்பை, பிரேசிலின் மனாவுஸ், இங்கிலாந்துக்கு எதிராக 35-வது நிமிடம். பந்து அவரிடம் வருகிறது, மறிக்க ஆள் ஓடி வருகிறார். பிர்லோ காலைத் தூக்கிப் பந்தை அடியில் விட்டுவிடுகிறார். பின்னால் மார்க்கீஸியோ தனியாக நிற்கிறார், தூரத்திலிருந்தே அடித்துவிடுகிறார். பிர்லோ அந்தப் பந்தைத் தொடவே இல்லை.