ஆர்எக்ஸ் 100: பெட்ரோல் டேப் புதுசு மாத்தியும் ஒழுகுது, வழி சொல்லுங்க

கேள்வி (தஞ்சாவூர்)

வணக்கம். அப்பாவோட 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். ஒன்பது வருஷம் தாத்தா வீட்டுக் கொட்டகையில சாக்கு போத்தி நின்ன வண்டி. டேங்கைக் கழுவி, பெயின்ட் அடிச்சு, போன மாசம்தான் ரோட்டுக்கு வந்துச்சு. டேங்க் அடியில ஆஃப், ஆன், ரிசர்வ்னு திருப்புற பழைய டேப்புல லிவர் பக்கம் கசிஞ்சதால புது டேப் வாங்கி நானே மாத்தினேன். இப்ப டேங்கும் டேப்பும் சேர்ற இடத்துல வேர்வை மாதிரி பெட்ரோல் கட்டி, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுது. ரெண்டு போல்ட்டையும் நல்லா முறுக்கியாச்சு. காலையில ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்குது, பிளக்கைக் கழட்டினா நனைஞ்சிருக்கு. சிலிக்கான் பேஸ்ட் தடவிடலாமான்னு பக்கத்துல ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

பதில் (கோவை)

பேஸ்ட் வேணாம் நண்பா. சாதா சிலிக்கான் பெட்ரோல்ல ஊறிக் கொழகொழன்னு ஆயிடும். அதுல பிசிறு கார்புரேட்டர் ஜெட்ல, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டையில, போய் உக்காந்தா அது தனித் தலைவலி. தண்ணிக் குழாய் மரையில சுத்துற டெஃப்லான் நாடாவும் இந்த இடத்துக்கு ஆகாது. நடுவழியில ஒழுகினா குளியல் சோப்பைத் தேய்ச்சு அடைச்சு வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

பதில் (மதுரை, 26 வருஷமா ஒர்க்ஷாப்)

தம்பி, உங்க வண்டியில ரெண்டு கோளாறு இருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

முதல்ல சொட்டு. போல்ட்டை முறுக்கி இது நிக்காது. இங்க லீக்கைத் தடுக்கிறது டேங்குக்கும் டேப்புக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங். அது சமதளத்துல உக்காரணும். அளவுக்கு மீறி முறுக்கினா டேப்போட அலுமினிய முகம் ரெண்டு போல்ட் பக்கமும் வளைஞ்சு நடுவுல இடைவெளி விடும், இல்லேன்னா டேங்க் மரை போயிடும். டேப்பைக் கழட்டி, கண்ணாடித் துண்டு மேல 400 நம்பர் எமரி ஷீட்டை வச்சு, தண்ணி விட்டு முகத்தை எட்டுப் போடுற மாதிரி தேய்ங்க. எங்க பளபளப்பு விழலையோ அங்க பள்ளம். முழு முகமும் ஒரே நிறமா வர்ற வரைக்கும் தேய்க்கணும்.

டேங்குக்குப் பெயின்ட் அடிச்சேன்னு சொன்னீங்களே, டேப் உக்கார்ற இடத்தை மறைச்சுட்டு அடிச்சாங்களா? எனக்கு அங்கதான் சந்தேகம். பெயின்ட் மேல ஓ-ரிங் உக்காந்தா பெட்ரோல் ஓரத்தை ஊற வச்சு அடியில புகுந்து வரும்.

அடுத்தது நனைஞ்ச பிளக். கார்புரேட்டர் ட்யூபைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, டேப்பை ஆஃப்ல வச்சுப் பத்து நிமிஷம் பாருங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் டேப் அடைக்கலைன்னு அர்த்தம். கூடவே கார்புரேட்டர் நிறைஞ்சதும் பெட்ரோலை அடைக்கிற ஊசி, அதான் ஃப்ளோட் நீடில், அதுவும் தேஞ்சிருந்தா ராத்திரி முழுக்க பெட்ரோல் இறங்கி இன்ஜின் அடியில இருக்கிற கிராங்க் கேஸ்ல தேங்கும். உங்க வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலும் காத்தும் சேர்ந்த கலவை கிராங்க் கேஸ் வழியாத்தான் மேல போகுது. அதான் காலையில பிளக் நனையுது.

டேங்கைக் காலி பண்றப்ப வெளியில, நிழல்ல வச்சுச் செய்ங்க. சாமி விளக்கு எரியற கூடத்துல வேணாம். பெட்ரோல் ஆவி தரையோட தவழ்ந்து போகும்.

பதில் (சேலம்)

ஓ-ரிங் வாங்கும்போது விட்டான் ரப்பர்னு கேட்டு வாங்குங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதுல உப்பிப் போகும், அப்புறம் காஞ்சு வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், வண்டி நின்னா தண்ணி பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். அதனால டேப் அடியில அழுக்கு தங்குற கிண்ணத்தையும் மாசம் ஒரு தடவை கழட்டிப் பாருங்க. செம்மண் நிறத்துல தூள் இருந்தா டேங்க் உள்ளே துரு.

கேள்வி கேட்டவர்

மதுரை அண்ணே, நீங்க சொன்னதேதான். டேங்க் அடியில ரெண்டு கோட் பெயின்ட், ஓ-ரிங் உக்காந்த வளையத்துல அது பிசுபிசுன்னு உரிஞ்சு கிடந்துச்சு. துணியில தின்னர் நனைச்சுத் துடைச்சு இரும்பு தெரிய வச்சேன். சொட்டு நின்னுடுச்சு.

பாட்டில் சோதனையில புது டேப் ஆஃப்லயும் விடுது. டேப்புல லிவர் முன்னாடி இருக்கற ரெண்டு சின்ன ஸ்க்ரூவைக் கழட்டினா, ஓட்டை போட்ட ரப்பர் உக்கார்ற இடத்துல அச்சு வார்த்த பிசிறு தூக்கிட்டு நிக்குது. என்ன செய்ய?

பதில் (மதுரை)

பழைய டேப்பைத் தூக்கிப் போடலையே? அந்த உடம்பு நல்ல வார்ப்பு. புது ரப்பர், புது ஓ-ரிங், அலை மாதிரி வளைஞ்ச பழைய வாஷர், இதுகளைப் போட்டு அதையே மாட்டுங்க. ரப்பர் ஓட்டையும் டேப் ஓட்டையும் நேரா நிக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு டேப்போட உள்குழாயையும் பக்கத்துல வச்சு அளந்து பாருங்க. உயரமான குழாய் ஆனுக்கு, அடியில இருக்கிற ஓட்டை ரிசர்வுக்கு. உயரக் குழாய் குட்டையா இருந்தா ரிசர்வ் சீக்கிரம் தீர்ந்துடும்.

கேள்வி கேட்டவர்

புது டேப்புக் குழாய் சுண்டுவிரல் அகலம் குட்டை அண்ணே. பழசையே மாட்டிட்டேன். ராத்திரி முழுக்க ஆஃப்ல விட்டும் பாட்டில் காய்ஞ்சு கிடந்துச்சு. காலையில ரெண்டாவது உதையில எந்திரிச்சுது, அப்பா சத்தம் கேட்டு வெளிய வந்துட்டார். ஆன்ல நிக்கிற வரைக்கும் வடிச்சு, அப்புறம் ரிசர்வுக்குத் திருப்பிப் பிடிச்சுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பாட்டில் நிறைஞ்சு மேல ஒரு டம்ளர் வந்துச்சு.